நீள நோட்டு

பஸ் கிளம்பும் முன் கணக்குப்பிள்ளை மாமா ஜன்னலுக்குக் கீழே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்பா உள்ளேயிருந்து என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். இன்ஜின் உறுமலில் எனக்கு ஒரு சொல்லும் விழவில்லை. மாமாவுக்கும் விழுந்திருக்காது. ஆனாலும் அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கக்கத்தில் குடை, கையில் நாலு வாழைப்பழம். பஸ் நகர்ந்தபோது பழத்தை ஜன்னல் கம்பி வழியாக அப்பா மடியில் போட்டுவிட்டு, "நிம்மதியாப் போய்ட்டு வாங்க வாத்தியாரே, நான் பாத்துக்கறேன்" என்றார். மதுரையில் அப்பத்தாவுக்குக் கண் ஆப்பரேஷன். எனக்கு அப்போது 13 வயது.

முதல் உலகப் போர்க் கால அமெரிக்க ஜனாதிபதி வுட்ரோ வில்சனைப் பற்றி எதைப் படித்தாலும் எனக்கு முதலில் அந்தத் தலையாட்டல்தான் நினைவுக்கு வருகிறது. வில்சன் எங்கே, எங்கள் ஊர்க் கண்மாய் எங்கே என்று கேட்கலாம். வில்சனை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியார். பத்தாம் வகுப்பில் அவர் வில்சனின் பதினான்கு சமாதான அம்சங்களையும் பலகையில் எழுதுவார். பாடப்புத்தகத்தில் நாலு வரிதான் இருக்கும். அவர் எல்லாவற்றையும் எழுதுவார். பதின்மூன்றோடு பலகை தீர்ந்துவிடும். பதினான்காவதைப் பக்கத்திலிருந்த பச்சைக் கதவில் எழுதுவார். பெரிய நாடு, சிறிய நாடு என்ற பேதமில்லாமல் எல்லாருக்கும் காவலாக ஒரு சர்வதேச சங்கம். அந்தச் சாக்கட்டி எழுத்து அடுத்த மழை வரை கதவிலேயே இருக்கும்.

முதல் அம்சத்தில்தான் அவர் அதிக நேரம் நிற்பார். உடன்படிக்கைகள் வெளிப்படையாக இருக்க வேண்டும், வெளிப்படையாகவே பேசி முடிக்கப்பட வேண்டும், மறைவில் எதுவும் கூடாது. 1918 ஜனவரி 8 அன்று அமெரிக்கக் காங்கிரஸில் வில்சன் இதைச் சொன்னார். அதற்கு மூன்று நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை காலை, வெள்ளை மாளிகையில் இரண்டு பேர் உட்கார்ந்து அதை வரைந்தார்கள். பத்தரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்குள் உலகப் படத்தைத் திருத்தி எழுதி முடித்தோம் என்று அதில் ஒருவர் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். எழுதியவர் எட்வர்ட் ஹவுஸ். கர்னல் ஹவுஸ் என்பார்கள். எந்தப் பட்டாளத்திலும் இருந்ததில்லை. டெக்சாஸ் கவர்னர் ஒருவர் மரியாதைக்குக் கொடுத்த பட்டம் ஒட்டிக்கொண்டது.

இருவரும் முதன்முதலாகச் சந்தித்தது 1911 நவம்பரில், நியூயார்க்கில் கோதம் ஹோட்டலில். வில்சனுக்கு 54, ஹவுஸுக்கு 53. அந்த வயதுக்கு மேல் புது நட்பு ஒன்று அப்படி வேர் பிடிப்பது அபூர்வம். சில வாரங்களில் பல்லாண்டுப் பழக்கம்போல் ஆகிவிட்டது. ஹவுஸுக்கு எந்தப் பதவியும் வேண்டியிருக்கவில்லை. மெல்லிய குரல், சிறிய உருவம், பொறுமையாகக் கேட்கும் காது. பதவி கேட்காதவனை நம்பாமல் யாரை நம்புவது? அவருடைய எண்ணமும் என் எண்ணமும் ஒன்று, அவர் என் இரண்டாவது உரு என்ற பொருளில் வில்சனே சொல்லியிருக்கிறார். 1914 ஆகஸ்டில் வில்சனின் முதல் மனைவி எல்லன் இறந்தார். அதே வாரத்தில்தான் ஐரோப்பா பற்றி எரியத் தொடங்கியது. அந்த இருட்டில் அவர் பிடித்துக்கொண்ட கை ஹவுஸுடையது. வில்சன் ஜனாதிபதியான பிறகும் ஹவுஸ் கடிதங்களில் அவரை 'கவர்னர்' என்றே விளித்தார், அவர் நியூஜெர்சி கவர்னராக இருந்த பழைய நாட்களின் நினைப்பில். எங்கள் மாமா கடைசிவரை அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'வாத்தியாரே' என்றதுபோல.

எங்கள் கண்மாய்க்கு இரண்டு மடை. மேலமடைக்காரர்கள் ஒரு ஊர், கீழமடைக்காரர்கள் ஒரு ஊர். மழை பெய்த வருஷத்தில் சம்பந்தம் பேசிக்கொள்வார்கள், பொய்த்த வருஷத்தில் அரிவாள் தூக்குவார்கள். அந்த வருஷம் கண்மாயில் பாதித் தண்ணீர்கூட இல்லை. ஐப்பசியிலேயே ஒருவன் மண்டை உடைந்தது. இரண்டு பக்கப் பிள்ளைகளுக்கும் பாடம் சொன்னவர் என்பதால் அப்பாவை இரண்டு அம்பலக்காரர்களும் ஏற்றுக்கொண்டார்கள். பகலில் பேசினால் இளவட்டங்கள் கூடிவிடும் என்று ராத்திரியில் பேசினார்கள். எங்கள் வீட்டுப் பின்கட்டில் அரிக்கேன் விளக்கைத் தாழ்த்திவைத்து, ஒரு நாள் மேலமடை, மறுநாள் கீழமடை. கணக்குப்பிள்ளை மாமா எல்லா நாளும் இருப்பார். எவன் நிலம் எத்தனை செண்ட், எந்த வாய்க்காலில் பாய்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அப்பா சொல்ல வந்ததைப் பாதியில் புரிந்துகொண்டு மீதியை அவர்களுடைய பேச்சில் எடுத்துச்சொல்வார். "நான் நெனைக்கறது அவருக்குத் தெரியும்" என்று அப்பா அம்மாவிடம் சொல்வது எனக்குக் கேட்டிருக்கிறது.

அப்பாவின் முறை எளிமையானது. தண்ணீர் குறைந்த வருஷத்தில் முதல் பாய்ச்சல் கடைமடைக்கு. மேட்டுக்காரன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் அவனைத் தாண்டிப் போக வேண்டும். அப்போதுதான் கடைசி வயல்காரனுக்குப் பயம் போகும், பயம் போனால் அரிவாள் கீழே இறங்கும். ராத்திரியில் பேசினாலும் முடிவை ஒரு தாளில் எழுதிச் சாவடிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் படித்துக் காட்ட வேண்டும் என்பது அவருடைய இரண்டாவது நிபந்தனை.

மறைவில் பேசுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அங்கே என்ன நடந்தது என்பதற்கு உள்ளே இருந்தவனே சாட்சி. ஹவுஸ் 1914 தொடங்கி லண்டனுக்கும் பாரிஸுக்கும் பெர்லினுக்கும் வில்சனின் தூதராகப் போய்வந்தார். போர் வெடிப்பதற்குச் சில வாரங்கள் முன்பு ஜெர்மன் சக்கரவர்த்தி கைசரை நேரில் பார்த்துச் சமாதானம் பேசியவர் அவர். இருவருக்கும் மட்டுமேயான சங்கேத எழுத்தில் தந்திகள் வரும். வில்சனே உட்கார்ந்து பிரித்துப் படிப்பார். 1916 பிப்ரவரியில் பிரிட்டிஷ் வெளியுறவு மந்திரி எட்வர்ட் கிரேயுடன் ஹவுஸ் ஒரு குறிப்பு எழுதினார். அமெரிக்கா சமாதான மாநாடு கூட்டும், ஜெர்மனி மறுத்தால் நேச நாடுகளின் பக்கம் போரில் இறங்கலாம் என்பது அதன் சாரம். அதில் வில்சன் 'அநேகமாக' என்ற ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்தார். பிரெஞ்சுக்காரர்களிடமோ ஹவுஸ் எந்த 'அநேகமாக'வும் இல்லாமல் பேசியிருந்தார். அந்த ஒரு சொல்லின் அகலம்தான் இரண்டு நண்பர்களுக்கும் நடுவில் இருந்த இடைவெளி. அன்றைக்கு இருவருமே அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஹவுஸ் நாட்குறிப்பைத் தன் கையால் எழுதவில்லை. ஃபேனி டென்டன் என்ற காரியதரிசியிடம் சொல்லி எழுதவைத்தார். வில்சனின் குறைகள் அதில் நிறைய வருகின்றன: நிர்வாகம் போதாது, பிடிக்காதவர்களைப் பார்க்கமாட்டார், முன்முடிவுகள் அதிகம். இவற்றில் முக்கால்வாசி நியாயமான விமர்சனம். வில்சனின் முகத்துக்கு நேராக இவற்றை அவர் சொன்னதே அரிது. மாறுபட்ட கருத்து இருந்தால் பேசாமல் இருந்துவிடுவது அவர் பழக்கம். வில்சன் அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். ஆறேழு வருஷம் அப்படியே போயிற்று. நான் இதை எத்தனையோ தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். துரோகம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன். பாரிஸில் நடந்தது இதன் அறுவடை.

1919 பிப்ரவரி 14. சர்வதேச சங்கத்தின் சாசனத்தைப் பாரிஸ் சமாதான மாநாட்டில் வாசித்துவிட்டு, அன்றிரவே வில்சன் அமெரிக்காவுக்குக் கிளம்பினார். காங்கிரஸ் கூட்டத்தொடர் முடியும் நேரம், கையெழுத்திட வேண்டிய மசோதாக்கள் காத்திருந்தன. தன் இடத்தில் ஹவுஸை உட்காரவைத்துவிட்டுப் போனார். ஐந்து நாளில் பிரெஞ்சுப் பிரதமர் கிளெமான்சோவை ஒருவன் சுட்டான். குண்டு உடம்பிலேயே தங்கிவிட்டது, கிழவர் எழுந்து வந்துவிட்டார். மாநாட்டில் அவசரம் கூடிற்று. ஒருபக்கம் பட்டினி, ஒருபக்கம் போல்ஷ்விக் பயம். சீக்கிரம் ஒரு பூர்வாங்க ஒப்பந்தம் போட்டுவிடலாம், ராணுவ நிபந்தனைகளையும் எல்லைகளையும் முதலில் முடிக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. அப்படிப் போட்டால் சர்வதேச சங்கம் பின்னுக்குப் போகும். ரைன் நதிக்கு மேற்கே தனியாக ஒரு குடியரசு என்ற பிரெஞ்சு யோசனைக்கும் ஹவுஸ் கதவைச் சாத்தவில்லை. அவருக்கு ஒப்பந்தம் வேண்டும், சீக்கிரம் வேண்டும்.

மார்ச் 13 இரவு 'ஜார்ஜ் வாஷிங்டன்' கப்பல் பிரெஸ்ட் துறைமுகத்துக்குத் திரும்பி வந்தது. ஹவுஸ் எதிர்கொள்ளப் போயிருந்தார். இரண்டு பேரும் தனியாகப் பேசினார்கள். பேச்சு முடிந்து வெளியே வந்த வில்சன் பத்து வருஷம் மூத்தவராகத் தெரிந்தார் என்றும், நான் போராடிப் பெற்றதையெல்லாம் ஹவுஸ் கொடுத்துவிட்டார் என்று சொன்னார் என்றும் இரண்டாவது மனைவி எடித் பிற்பாடு எழுதினார்.

மாமாவும் எதிர்கொள்ள வந்தார். கடைசி பஸ், ஒன்பதரைக்கு. பன்னிரண்டு நாள் கழித்து அப்பா வருகிறார் என்று நான் டார்ச்சோடு போயிருந்தேன். மாமா சைக்கிள் கொண்டுவந்திருந்தார். அப்பாவின் பையைக் கேரியரில் வைத்துக் கயிற்றால் கட்டினார். ஆஸ்பத்திரி விஷயம் விசாரித்தார். புளியமரம் தாண்டும்வரை வேறு பேச்சில்லை. அதற்கப்புறம், "வாத்தியாரே, எல்லாம் முடிஞ்சுபோச்சு. ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டாச்சு" என்றார்.

"எது முடிஞ்சுது?"

மாமா சொன்னார். முதல் பாய்ச்சல் மேலமடைக்கே. கீழமடை தன் முறையில் ரெண்டு ராத்திரித் தண்ணீரையும் விட்டுக்கொடுக்கும். பதிலுக்கு மேலமடையார் கீழமடைக் கோயில் திருப்பணிக்கு எண்ணூறு ரூபாய். தாள் எதுவும் சாவடியில் ஒட்டவில்லை. ஒட்ட வேண்டாம் என்று இரண்டு அம்பலமும் சொல்லிவிட்டார்கள். "திருவிழாவுக்கு முன்னாடி முடிக்கலைன்னா வெட்டிக்கிட்டுச் செத்திருப்பானுக. ஒரு உசுரு போகலை பாருங்க."

அப்பா நின்றார். சைக்கிளும் நின்றது. டார்ச் வெளிச்சத்தில் அப்பாவின் விரல்கள் கேரியர் கயிற்றின் முடிச்சை அவிழ்ப்பதைப் பார்த்தேன். இறுக்கமான முடிச்சு. நகத்தால் நெம்பி நெம்பி, அவசரமில்லாமல் அவிழ்த்தார். கயிற்றைச் சுருட்டி மாமா கையில் கொடுத்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்து நடந்தார். மாமா சைக்கிளோடு பின்னால் வந்தார், எங்கள் தெரு முனை வரை. அதற்குமேல் சக்கரச் சத்தம் கேட்கவில்லை.

அன்றைக்கு எனக்கு மாமா மேல் வந்த கோபம் நாற்பது வயதுவரை தீரவில்லை. அதனாலேயே எடித்தின் வார்த்தையை முதலில் படித்தபோது அப்படியே நம்பினேன். பிற்பாடு கவனித்தேன்: அந்த நினைவுக்குறிப்பு வெளியானது 1939-இல். ஹவுஸ் 1938-இலேயே இறந்துவிட்டார். எடித்துக்கு ஹவுஸைத் தொடக்கத்திலிருந்தே பிடிக்காது. ஹவுஸ் எதையும் அடியோடு விட்டுக்கொடுத்துவிடவில்லை, பேச்சு முடிவாகாமலே இருந்தது என்று சொல்லும் சரித்திரக்காரர்கள் இருக்கிறார்கள். பாரிஸ் திரும்பிய வில்சன் மறுநாளே, மார்ச் 15-இல், சங்கம் ஒப்பந்தத்தின் பிரிக்க முடியாத பகுதி என்று அறிக்கை விட்டுத் தன் பிடியை மீட்டுக்கொண்டார். ஏப்ரலில் காய்ச்சலில் விழுந்தபோது, நாலு பெரிய நாட்டுத் தலைவர்கள் கூடிய நால்வர் கூட்டத்தில் தன் நாற்காலிக்கு மறுபடி ஹவுஸைத்தான் அனுப்பினார். நம்பிக்கை ஒரே இரவில் அறுந்துவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று. அது நூல் நூலாகத்தான் விட்டுப்போயிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வில்சன் நண்பனை இழந்தது அது முதல்முறையல்ல. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தபோது ஜான் ஹிப்பன் என்ற பேராசிரியர் அவருக்கு உயிர்த்தோழர். 1907-இல் வில்சன் கொண்டுவந்த விடுதித் திட்டத்தை ஹிப்பன் எதிர்த்தார். ஒளித்து மறைத்து அல்ல, சபையில் வெளிப்படையாக. வில்சன் அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. முகத்துக்கு நேரே மறுத்தவனுக்கும் அதே தண்டனைதான் என்றால், ஹவுஸ் ஏன் வாய் திறக்கப்போகிறார்? இதை எழுதும்போது எனக்கு அப்பாவின் முகம் வருகிறது. தான் சொல்வதை மறுத்தால் அவர் கத்தமாட்டார். முகம் வாடிவிடும். அதைப் பார்க்கச் சகிக்காது. அம்மாவும் நானும்கூட அதற்காகவே பல தடவை தலையாட்டியிருக்கிறோம்.

வில்சனை நம்பிய இன்னொருவரும் உண்டு. சென்னையில் வேலை பார்த்த வருஷங்களில் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் வழியாகத்தான் தினமும் போவேன். அங்கே ஒரு சிலை இருக்கிறது, மணி ஐயர் என்று அழைக்கப்பட்ட எஸ். சுப்பிரமணிய ஐயர். மதுரைக்காரர், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், ஹோம் ரூல் லீகின் கௌரவத் தலைவர். 1917 ஜூனில் அன்னி பெசன்ட்டை அரசாங்கம் காவலில் வைத்தபோது, 74 வயதில் அவர் வில்சனுக்கு நேராக ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவுக்குத் தன்னாட்சி வாக்களிக்கச் செய்யுங்கள் என்று. அமெரிக்கத் தம்பதி ஒருவர் அதை ரகசியமாக எடுத்துப்போய்ச் சேர்த்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் பிரிட்டிஷ் பார்லிமென்டில் பெரிய கூச்சல். இந்திய விவகார மந்திரி மாண்டேகு கடுமையாகக் கண்டித்தார். ஐயர் மன்னிப்புக் கேட்கவில்லை; 'சர்' பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் திருப்பிக் கொடுத்தார்.

அவர் நம்பியதும் அந்தப் பதினான்கு அம்சங்களின் குரலைத்தான், அது அச்சாவதற்கு முன்பே. அந்தக் குரல் இந்தியாவுக்கு எதுவும் செய்யவில்லை. 1919 ஏப்ரல் 11-இல் இனச் சமத்துவத்தைச் சாசனத்தில் சேர்க்க ஜப்பான் கொண்டுவந்த தீர்மானத்துக்கு 17 பேரில் 11 பேர் ஆதரவு தந்தார்கள். தலைமையில் இருந்த வில்சன், ஒருமனதாக இல்லாததால் செல்லாது என்றார். வெளிப்படையான உடன்படிக்கை கேட்டவர் பாரிஸில் தன் படிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு மற்ற மூவரோடு உலகைப் பங்கிட்டார். அப்பா இதையெல்லாம் வகுப்பில் சொன்னதில்லை. தெரிந்திருக்கும். கதவில் எழுதிய எழுத்தை அழிக்க அவருக்கு மனம் வந்திருக்காது.

1919 ஜூன் 28, வெர்சாயில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான நாள். அன்று மாலை வில்சன் பாரிஸை விட்டுக் கிளம்பினார். செனட்டர்களோடு இணக்கமாகப் போங்கள் என்று ஹவுஸ் சொன்னார். அந்த ஒருமுறை அவர் வாயைத் திறந்து சொன்னார். போராடாமல் பெறத்தக்க எதுவும் கிடைக்காது என்பதாக வில்சன் பதில் சொல்லியிருக்கிறார். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. செப்டம்பரில் ரயிலேறி ஊர் ஊராகப் பேசிய வில்சன் அக்டோபர் 2 அன்று பக்கவாதத்தில் விழுந்தார். செனட் நவம்பர் 19-இலும் மறுபடி 1920 மார்ச் 19-இலும் ஒப்பந்தத்தைத் தள்ளியது. இரண்டாவது தடவை 49-க்கு 35. மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு வாக்கு குறைவு. விட்டுக்கொடுங்கள் என்று ஹவுஸ் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை.

1924 பிப்ரவரியில் வில்சன் இறந்தார். இறுதிச் சடங்குக்கு ஹவுஸை அழைக்கவில்லை. நியூயார்க்கில் மேடிசன் சதுக்க அரங்கின் முன்னால், மழையில், கூட்டத்தோடு நின்று ஒலிபெருக்கியில் கேட்டார். அந்த முறிவு தனக்கு இன்றுவரை விளங்காத துயரம், விளக்கம் அவரோடு புதைந்துவிட்டது என்று கடைசிவரை சொன்னார். அவர் உண்மையாகவே அப்படி நம்பியிருப்பார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் ஊரில் அந்த வருஷம் உயிர் எதுவும் போகவில்லை. மாமா சொன்னது பலித்தது. கடைமடையில் பதினாறு ஏக்கர் கருகிற்று. அடுத்த பஞ்சத்தில் அந்த எண்ணூறு ரூபாய் யாருக்கும் நினைவில்லை, ரெண்டு ராத்திரி மட்டும் நினைவில் இருந்தது. அப்பா அப்புறம் எந்தப் பஞ்சாயத்துக்கும் போகவில்லை. மாமா எதிரே வந்தால் குடையைத் தாழ்த்திக்கொள்வார், அப்பா பார்வையைத் தாழ்த்திக்கொள்வார். மாமா இறந்த அன்று அப்பா என்னைக் கூப்பிட்டு, "நீ போய்ட்டு வா. நல்ல மாலையா வாங்கிட்டுப் போ" என்றார். சாயங்காலம் திரும்பி வந்தபோது திண்ணையிலேயே இருந்தார். "கூட்டம் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அப்பாவும் போய்ச் சில வருஷம் ஆன பிறகு, மாமாவின் மகள் வீட்டைக் காலி செய்யும்போது ஒரு நீள நோட்டைக் கொடுத்தனுப்பினாள். சர்க்கார் கணக்கு இல்லை, அவருடைய சொந்தக் கணக்கு. பச்சை மை, சாய்ந்த எழுத்து. அந்தக் கார்த்திகையைத் தேடினேன்.

"ராத்திரி வாத்தியாரோடு மடைக்குப் போய் வந்தேன். அவர் முறை நிற்காது. மேலமடையார் ஒப்பார்கள் என்று தோன்றவில்லை. சொன்னால் மனம் நோவார். சொல்லவில்லை."

அதற்குக் கீழே மறுநாள் தேதி.

"காலை வாத்தியாரை பஸ் ஏற்றினேன். வாழைப்பழம் 4. நாற்பது காசு."